பணம் போகுது... பேச்சு போகாதா?

(இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



தேனி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு கூகுள் பேயில் காசு அனுப்புகிறோம். கடையில் ஒட்டியிருப்பது போன்பே ஸ்டிக்கர். நம்முடைய பேங்க் வேறு, கடைக்கார அண்ணனுடைய பேங்க் வேறு. நம்ம போன் ஒரு கம்பெனி, அவர் போன் இன்னொரு கம்பெனி. இருந்தாலும் பணம் போய்ச் சேருகிறது. "வந்துருச்சு" என்று கடையிலிருக்கும் பெட்டி சத்தம் போட்டுச் சொல்கிறது.

சரி, அதே அண்ணனுக்கு வாட்ஸ்அப்பிலிருந்து "அண்ணே, காசு போட்டுட்டேன்" என்று ஒரு வரி எழுதுவோம். அவரிடம் வாட்ஸ்அப் கிடையாது, அரட்டை ஆப்தான் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி போகுமா? போகாது!

இதில் வேடிக்கை என்னவென்றால், 2020 நவம்பரிலிருந்து வாட்ஸ்அப்பிலேயே யூ.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பலாம். அந்தப் பணம் யாருடைய ஆப்புக்கும் போகும். பணத்துக்குத் திறக்கிற கதவு பேச்சுக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை? விஞ்ஞானம் இன்னும் அவ்வளவு தூரம் வளரவில்லையா? அப்படியில்லை நண்பர்களே. கதவு இருக்கிறது. சாவி வைத்திருப்பவர்களுக்குத் திறக்க மனமில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

யாருக்கு நஷ்டம்?

"நம்மகிட்டத்தான் வாட்ஸ்அப் இருக்கே, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நம் கம்பம் பள்ளத்தாக்கை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று எல்லா ஊரிலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறுகின்றன. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற நம் தாய்மார்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். எங்க அம்மாவும் அதில் ஒருவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்க அம்மா கையில் இருப்பது பட்டன் போன்.

முன்னெல்லாம் "நாளைக்கு ஜீப்பு வராது" என்றால் போன் போட்டுச் சொல்வார்கள், இல்லையென்றால் தெருவில் வந்து குரல் கொடுப்பார்கள். இப்போது ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது. டச் போன் வைத்திருப்பவர்களுக்குச் சேதி தெரியும். மற்றவர்கள் இருட்டில் வந்து நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். "குரூப்புல போட்டாகளாம்... எனக்கு எப்புடித்தா தெரியும்?" என்று அம்மா கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஜீப்புக்காரரையும் குற்றம் சொல்ல முடியாது. முப்பது பேருக்குத் தனித்தனியாகப் போன் போடுவதைவிட ஒரு தடவை தட்டிவிடுவது அவருக்குச் சுலபம். அந்த ஒரு வரி எல்லா போனுக்கும் போகும்படி அந்த ஆப் செய்யப்படவில்லை என்பதுதான் குறை.

எஸ்.எம்.எஸ். எந்தப் போனுக்கும் போகுமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதன் கதையையும் கேளுங்கள். உலகத்தின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அங்கேயே ஒரு கம்பெனி சிம்மிலிருந்து இன்னொரு கம்பெனி சிம்முக்கு எஸ்.எம்.எஸ். போகிற வழி 1999இல்தான் திறந்தது. அதற்குப் பிறகுதான் மக்கள் அதைக் கோடிக்கணக்கில் அனுப்ப ஆரம்பித்தார்கள். வழியைத் திறந்துவிட்டதால் எந்தக் கம்பெனியும் திவாலாகவில்லை.

ஆனாலும் எஸ்.எம்.எஸ். ஒரு குறுகலான சந்து. அதில் 140 பைட்தான் போகும். ஆங்கிலமென்றால் 160 எழுத்து கிடைக்கும், தமிழென்றால் 70 குறியீடுதான். அதிலும் 'கி' என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு குறியீடு செலவாகிவிடும். படமோ குரலோ போகாது. அதனால்தான் எல்லோரும் வாட்ஸ்அப்புக்குப் போனோம். போனது தப்பில்லை. போன இடத்தில் வாசல் ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பதுதான் தப்பு.

"அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக் கொடுங்கள்!"

இந்தச் சண்டை அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. 2011இல் ஆப்பிள் கம்பெனி ஐமெசேஜ் என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகிற செய்தி நீலக் குமிழியில் வரும். ஆண்ட்ராய்டு போன்காரருடன் பேசினால் பச்சைக் குமிழி. வெறும் நிறந்தானே என்று நினைக்காதீர்கள். பச்சை என்றால் அது பழைய எஸ்.எம்.எஸ். சந்து வழியாகப் போகிறது என்று அர்த்தம். வீடியோ மங்கிப் போகும், குரூப் பேச்சு குழம்பிப் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பச்சைக் குமிழிக்காரனைக் கேலி செய்கிற அளவுக்குப் போய்விட்டது.

ஆண்ட்ராய்டுக்கும் ஐமெசேஜைக் கொடுத்தால் என்ன என்று ஆப்பிள் கம்பெனிக்குள்ளேயே பேச்சு வந்திருக்கிறது. கொடுத்துவிட்டால், ஐபோன் வைத்திருக்கிற குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு போன் வாங்கித் தர இருக்கிற தடை நீங்கிவிடும் என்று 2013இல் அதன் உயர் அதிகாரி ஒருவர் மின்னஞ்சல் எழுதினார். 2021இல் எபிக் கேம்ஸ் வழக்கில் அந்தக் கடிதம் வெளியே வந்தது. 2022இல் ஒரு மாநாட்டில் நிருபர் ஒருவர், "என் அம்மாவுக்கு என்னால் வீடியோ அனுப்ப முடியவில்லையே" என்று ஆப்பிள் தலைவர் டிம் குக்கிடம் கேட்டார். அதற்கு அவர், அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார்!

ஏலத்தோட்டத்துக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைக்கிற அம்மாவுக்கு இந்தப் பதிலை எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2023 நவம்பரில், எஸ்.எம்.எஸ்.ஸுக்கு அடுத்த தலைமுறையான ஆர்.சி.எஸ். என்ற பொது விதியை ஏற்பதாக ஆப்பிள் அறிவித்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு ஆப்பிள் மேல் போட்ட ஏகபோக வழக்கில் இந்தப் பச்சைக் குமிழி விவகாரமும் சேர்ந்தது. 2024 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 18 வந்தபோது, சிம் கம்பெனியின் ஆதரவு இருக்கும் இடங்களில் ஐபோனும் ஆண்ட்ராய்டும் நல்ல படம், நல்ல வீடியோ அனுப்பிக்கொள்ள முடிந்தது. ஆண்ட்ராய்டின் கூகுள் மெசேஜஸ் ஆப்பில், ஆர்.சி.எஸ். எட்டாத போனுக்குச் செய்தியை எஸ்.எம்.எஸ். ஆக மாற்றி அனுப்பவும் முடியும். அதாவது பட்டன் போனுக்கும் சேதி போகும்! 13 வருஷமாக முடியாததெல்லாம் நெருக்கடி வந்ததும் முடிந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது?

நாமும் பட்டவர்கள்தான்

இது நமக்குப் புதிதல்ல. 1990களில் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துரு கம்பெனியும் தமிழ் எழுத்துக்களுக்குத் தன் இஷ்டத்துக்கு எண் வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய கடிதத்தை அதே எழுத்துரு இல்லாத இன்னொருவர் திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக வரும். இரண்டு பக்கமும் தமிழர்தான், இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர்தான். ஆனால் பேச முடியவில்லை! பாமினியில் அடித்த பழைய பைலை டி.டி.பி. சென்டரிலிருந்து வாங்கி நம் போனில் திறந்தால் இன்றும் அந்தக் கோலத்தைப் பார்க்கலாம்.

எப்படித் தீர்ந்தது? 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிப் பொதுவான விசைப்பலகையும் குறியீடும் பற்றிப் பேசி முடிவெடுத்தார்கள். பிறகு உலகப் பொது முறையான யூனிகோடு பரவியது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. இன்றைக்கு கம்பத்தில் தட்டுகிற 'ழ' கனடாவிலும் 'ழ'வாகத்தான் தெரிகிறது. ஒரு கம்பெனி ஜெயித்து மற்றவை தோற்றதால் இது நடக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி வந்ததால்தான் நடந்தது.

நம்ம போடி ரயிலையும் நினைத்துப் பாருங்கள். மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். மதுரைக்கு அந்தப் பக்கம் பிராட் கேஜ், 1676 மில்லிமீட்டர். இடையில் 676 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதற்காக ஆளும் சாமானும் மதுரையில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. 2010 கடைசியில் அந்த ரயில் நின்றது. அகலப் பாதை போட்டு 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்தது. சென்னை சென்ட்ரலில் ஏறினால் போடியில் இறங்கலாம் என்றானது. தண்டவாளத்துக்கு நமக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. ஆப்புக்கு மண்ணும் தோண்ட வேண்டாம், மலையும் குடைய வேண்டாம்!

சட்டம் என்ன செய்தது?

லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறினால் நம் போன் கேரள சர்க்கிளுக்கு மாறிவிடும். ஆனாலும் அம்மாவுக்குப் போட்ட அழைப்பு போகிறது. சிம் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நம் நாட்டில் விதி இருப்பதால்தான் இது நடக்கிறது.

அந்த விதிக்குப் பல் இருக்கிறது என்பதை 2016இல் பார்த்தோம். செப்டம்பரில் ஜியோ வந்தபோது, அதிலிருந்து மற்ற கம்பெனி எண்களுக்குப் போட்ட அழைப்புகள் ஏராளமாகத் துண்டித்துப் போயின. போதிய இணைப்பு தரவில்லை என்று ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கும்படி அந்த அக்டோபரில் டிராய் பரிந்துரை செய்தது. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்ததும் விதியால்தான். யூ.பி.ஐ.யும் அப்படியே. 2016 ஏப்ரலில் அறிமுகமானது, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2000 கோடி பரிமாற்றத்தைத் தாண்டியது. எந்த ஆப்பும் எந்த ஆப்போடும் பேச வேண்டும் என்று முதல் நாளிலேயே விதி வைத்ததால் அது இவ்வளவு தூரம் வளர்ந்தது.

அழைப்புக்கு விதி இருக்கிறது, பணத்துக்கு விதி இருக்கிறது. இந்தியாவில் 50 கோடிக்கும் அதிகமான பேர் பயன்படுத்துகிற வாட்ஸ்அப்புக்கு மட்டும் ஏன் இல்லை?

ஐரோப்பா ஆரம்பித்துவிட்டது. பெரிய செய்தி ஆப்புகள் மற்ற ஆப்புகளுக்கு வழி திறக்க வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டார்கள். அதன்படி பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சின்ன ஆப்புகளோடு வாட்ஸ்அப் பேசும் என்று 2025 நவம்பரில் மெட்டா கம்பெனி அறிவித்தது. அங்கே முடிகிறது என்றால் இங்கேயும் முடியும்தானே?

அரட்டை சொல்லும் பாடம்

நம்ம பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் கிராமத்திலிருந்து வேலை பார்க்கிற ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் 2021 ஜனவரியில் 'அரட்டை' என்று அழகான தமிழ்ப் பெயரில் ஓர் ஆப் விட்டது. 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று நாடே அதை இறக்கியது. நம் வகுப்பிலும் பலர் இறக்கினோம். இன்றைக்கு அதில் எத்தனை பேர் பேசுகிறோம்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

கணக்குப் போட்டால் காரணம் புரியும். வகுப்பில் 60 பேர் என்றால் இரண்டிரண்டு பேராகப் பேச 60ஐ 59ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 1770 வழிகள். அதில் 5 பேர் மட்டும் புது ஆப்புக்குப் போனால் அவர்களுக்கு அங்கே 10 வழிகள்தான். 10 வழிக்காக 1770ஐ யார் விடுவார்கள்? ஆப் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. முதலில் வந்தவன் ஜெயித்தான், அவ்வளவுதான். ஆனால் இரண்டு ஆப்பும் ஒன்றோடொன்று பேசினால் அந்த ஐந்து பேருக்கும் 60 பேருமே கிடைப்பார்கள். அதற்குப் பிறகு நல்ல ஆப் எதுவோ அது ஜெயிக்கும்.

ஸ்ரீதர் வேம்பு அப்போதே இதைச் சொன்னார். செய்தி ஆப்புகள் யூ.பி.ஐ. போல, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று இணைய வேண்டும், மூடிக் கிடக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதினார். யூ.பி.ஐ.க்குத் தொழில்நுட்ப வேலை செய்த ஐஸ்பிர்ட் அமைப்போடு இதற்காகப் பேச்சு தொடங்கியதாகவும் சொன்னார். சின்னவராக இருக்கும்போது எல்லோரும் கதவைத் திற என்பார்கள், பெரியவரானால் மூடிக்கொள்வார்கள் என்று ஒரு நண்பன் கிண்டலடித்தான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கம்பெனிக்காரரின் வாக்கை நம்பி உட்காராமல் விதி வேண்டும் என்கிறேன்.

மறுப்புக்குப் பதில்

மறுபக்கத்தையும் பேசிவிடுவோம். "வழியைத் திறந்தால் ரகசியம் போய்விடும்" என்கிறார்கள். இது லேசான கேள்வி இல்லை. அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாத மறைப்பு வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்து முழுமையாக இருக்கிறது. இரண்டு ஆப்புகள் சேரும்போது பூட்டும் சாவியும் ஒரே முறையில் இருக்க வேண்டும். அதற்கும் பொது விதி வந்துவிட்டது. இணைய விதிகளை வகுக்கிற ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2023 ஜூலையில் எம்.எல்.எஸ். என்ற மறைப்பு முறையை வெளியிட்டது. 2025 மார்ச்சில் ஆர்.சி.எஸ்.ஸுக்கும் அதே முறை சேர்க்கப்பட்டது. வேலை கஷ்டம்தான், ஆனால் நடக்காத வேலை இல்லை. பூட்டு சரியில்லாத ஆப்பைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லட்டும், அது நியாயம். யாரையுமே சேர்க்க மாட்டேன் என்பதுதான் அநியாயம்.

"கண்டவனும் செய்தி அனுப்பித் தொல்லை பண்ணுவான்" என்பது அடுத்த மறுப்பு. ஐரோப்பாவில் வெளி ஆப்பிலிருந்து செய்தி வர வேண்டுமா வேண்டாமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அதையே இங்கேயும் வைக்கலாமே!

"எதுக்கு இந்த வம்பு, எல்லாரும் வாட்ஸ்அப்பே வச்சுக்கிட்டா போச்சு" என்பது மூன்றாவது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ராத்திரி ஆறு மணி நேரம் போல வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்கப் படுத்துவிட்டன. மூன்றுக்கும் ஒரே முதலாளி. அதே வருஷம் "புது நிபந்தனையை ஏற்றுக்கொள்" என்று வாட்ஸ்அப் சொன்னபோது, பிடிக்காதவர்கள் எங்கே போவது? அந்த நிபந்தனைக்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளியே போக வழியில்லாத வீட்டில் வாடகைக்காரன் பேரம் பேச முடியாது என்பார்கள். நம் நிலையும் அதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

மெக்கானிக்கல் நண்பர்களே, எம் 10 போல்ட்டுக்கு எந்தக் கம்பெனி எம் 10 நட்டும் சேருகிறது. எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, எந்தக் கம்பெனி மிக்ஸியானாலும் நம் வீட்டு 230 வோல்ட்டில் ஓடுகிறது. ஐபோனும் 2023இலிருந்து எல்லோரையும் போல டைப் சி சார்ஜருக்கு வந்துவிட்டது. அதுவும் ஐரோப்பியச் சட்டம் நெருக்கியதால்தான். நாம் லேபில் தினம் தொடுகிற எல்லாமே யாரோ சண்டை போட்டு ஒத்துக்கொண்ட பொது விதிகள். அதனால் "இணைக்க முடியாது" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிப்ளமோ படிக்கிற நாம்தான்.

நம் பேரவைக்கு என்னிடம் மூன்று யோசனைகள் இருக்கின்றன. முதலாவது, தேர்வுக் கட்டணம், பிளேஸ்மெண்ட், பஸ் பாஸ் அறிவிப்பு எதுவானாலும் குரூப்பில் போடுவதோடு நிற்காமல் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுவோம், எஸ்.எம்.எஸ்.ஸும் அனுப்புவோம். டச் போன் இல்லாத ஒரு மாணவன் நம்மில் இருந்தாலும் அவனும் பேரவைக்காரன்தான். இரண்டாவது, கடைசி வருஷ பிராஜெக்டில் ஒரு குழுவாவது, ஒரு தடவை தட்டினால் டச் போனுக்கும் பட்டன் போனுக்கும் சேர்ந்து சேதி போகிற அமைப்பைச் செய்து பார்க்கட்டும். ஒரு ஜி.எஸ்.எம். மாட்யூலும் ஒரு சிம்மும் இருந்தால் தொடங்கிவிடலாம். நம் ஊர் ஜீப் ஸ்டாண்டுக்கே அதைக் கொடுக்கலாம். மூன்றாவது, செய்தி ஆப்புகளும் யூ.பி.ஐ. போல இணைய வேண்டும் என்று பேரவை ஒரு தீர்மானம் போட்டு டிராய்க்கும் நம் தொகுதி எம்.பி.க்கும் அனுப்பட்டும்.

ஒரு பாலிடெக்னிக் தீர்மானத்துக்கு டெல்லி அசையுமா என்று சிரிக்கலாம். எழுத்துருச் சண்டையைத் தீர்த்தவர்களும் நம்மைப் போல ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர்கள்தான். கேட்பவன் இல்லாத ஊரில் பூட்டுக்கு வேலை அதிகம். முதலில் நாம் கேட்போம்!